வந்தவர் வெட்கப்படாமல் வழிபட: ஒரு பழைய கொண்டக்டர் சொல்லும் வழி

31 வருடம் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தேன். பெரும்பாலும் திருகோணமலை–கண்டி. கந்தளாயிலும் ஹபரணையிலும் தம்புள்ளையிலும் ஏறுகிற ஆட்களின் முகம் பார்த்தே பாதி ஆயுள் போனது. அந்த வழிக்குப் புதிய ஆளை எனக்கு உடனே பிடிபடும். ஒரு கால் மிதிபலகையில் இருக்கும், மற்றது தரையை விடாது. கண் உள்ளே இடம் தேடும். கைக்குள் காசு கசங்கும். நாலு பேர் பார்க்கப் பிழையாக ஏதும் செய்துவிடுவேனோ என்ற பயம்தான் அவருக்கு.

ஓய்வு பெற்றபின் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் என்னை வாடனாக, அதாவது கோயில் காரியங்களைப் பார்க்கும் சபைப் பொறுப்பாளராக, தெரிவு செய்தார்கள். முதல் ஞாயிறு வாசலில் நின்றால், படியில் அதே முகம். சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று கீழே பார்த்தபடி ஒரு பெடியன் நின்றான். அன்றைக்கே எனக்கு வேலை விளங்கிவிட்டது.

எங்களுடையது அங்கிலிக்கன் கோயில். இலங்கைத் திருச்சபை, கொழும்பு மறைமாவட்டம். இந்த மறைமாவட்டம் 1845இல் தொடங்கியது. அமெரிக்காவில் இதே குடும்பத்துச் சபைக்கு எபிஸ்கோப்பல் சபை என்று பெயர். ஆயரின் கீழ் நடக்கிற சபை என்று அர்த்தம். அங்கே தெருவோரங்களில் 'எபிஸ்கோப்பல் சபை உங்களை வரவேற்கிறது' என்று பலகை போட்டிருப்பார்கள். பலகை போடுவது சுலபம். எனக்குப் பிடித்தது அவர்களுடைய 1979ஆம் ஆண்டுச் செபப்புத்தகத்தில் வரும் ஒரு வரிசை. சபையின் ஊழியர்கள் யார் என்ற கேள்விக்கு அதிலுள்ள பதிலில் முதலில் வருவது பொதுமக்கள். அதன் பிறகுதான் ஆயர், குருவானவர், தியாக்கோன். எங்கள் குருவானவர் இதைச் சொல்லிவிட்டு, "அப்ப வாடன், உங்கட ஆக்களுக்கு வேலை குடுங்கோ" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் பழகியதையும் பிழைவிட்டதையும் எழுதுகிறேன். உங்கள் கோயிலுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. என் மனைவி சைவக் குடும்பம். கலியாணமான புதிதில் வேறோர் ஊரில் ஒரு கோயிலுக்கு இரண்டு பேரும் போனோம். மின்விசிறி இருந்த இடமாகப் பார்த்து ஒரு வாங்கில் (நீள இருக்கையில்) அவள் கைக்குழந்தையோடு இருந்தாள். பாட்டு நடக்கும்போது ஓர் அம்மா வந்து காதோடு சொன்னார்: "தங்கச்சி, இது எங்கட வாங்கு." கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவள் எழும்பிப் பின்னால் போய், முடியும் வரைக்கும் சுவரோடு நின்றாள். அதன் பிறகு நாலு வருடம் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. அந்த அம்மா கெட்டவர் இல்லை. தன் வாங்கில் இன்னொருவர் இருந்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே புதியவரைப் பழக்குவதற்கு முதல் பழையவர்களைப் பழக்குங்கள்.

கேற்றில்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கேற் பழைய கேற் இல்லை. அன்று குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் எங்களுக்குத் தூரத்துச் செய்தியும் இல்லை. பை பார்க்கத்தான் வேண்டும். பையைத் துழாவிக்கொண்டே 'வாங்கோ, வாங்கோ' என்றால் அதை யார் நம்புவார்?

நாங்கள் கண்டுபிடித்தது இது. கேற்றில் இரண்டு பேர் நில்லுங்கள். ஒருவர் வரவேற்க, மற்றவர் பை பார்க்க. வரவேற்கிறவர்தான் முன்னால். முதலில் வணக்கம், முகம் பார்த்து இரண்டு வார்த்தை, அப்புறம்தான் மேசை. மேசை நிழலில் இருக்கட்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எட்டு மணி வெயிலே முகத்தைச் சுடும். அதில் ஆளை நிறுத்தி வைத்தால் என்ன கனிவாகப் பேசினாலும் எடுபடாது. பெண்களின் பையைப் பெண்தான் பார்க்க வேண்டும். பையைத் திறப்பது அவரவர் கை. நாங்கள் எட்டிப் பார்ப்போம், உள்ளே கை விடுவதில்லை.

முக்கியமானது, எல்லாருடைய பையும். என்னுடையது, பாடகர் குழுவினுடையது, குருவானவர் அங்கி கொண்டு வருகிற பெட்டி உட்பட. தெரிந்த ஆட்களைத் தலையாட்டி விட்டுவிட்டு, தெரியாதவரை மட்டும் நிறுத்தினால் அந்த ஆளுக்கு அது தெரியாமல் போகாது. ஒரு ஞாயிறு குருவானவரின் பெட்டியைத் திறந்தபோது அங்கிக்குக் கீழே ஒரு பொதி முறுக்கு இருந்தது. வரிசையே சிரித்தது. அன்றைக்குப் பை பார்த்தது யாருக்கும் பாரமாக இல்லை.

இன்னொன்று. "எங்கயிருந்து வாறீங்க?" என்று கேட்காதீர்கள். வேறு ஊரில் அது அன்பான கேள்வியாக இருக்கலாம். திருகோணமலையில் அது சோதனைச் சாவடிக் கேள்வி. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், யாரைப் பார்க்க என்று ஒரு தலைமுறை முழுக்க நாங்கள் துப்பாக்கிக்கு முன்னால் பதில் சொன்னவர்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி நடக்க வைத்த நாட்களில் அந்தக் கேள்வி எத்தனை தரம் என் காதில் விழுந்தது என்று கணக்கில்லை. கேற்றில் நாங்கள் கேட்பது வேறு: "தண்ணி குடிக்கிறீங்களா? மின்விசிறிக்குக் கீழ இருக்க விருப்பமா, காத்துப் பக்கமா?" ஊரும் பேரும் தேத்தண்ணி குடிக்கும்போது தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

செருப்பு விஷயத்தை ஒரு சின்னப் பலகையில் எழுதிவிடுங்கள். எங்கள் கோயிலில் போட்டும் வரலாம், கழற்றியும் வரலாம். அதை எழுதி வைக்காத காலத்தில்தான் அந்தப் பெடியன் படியில் நின்றான்.

எங்கே இருத்துவது

'முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ' என்று 31 வருடம் கத்தியவன் சொல்கிறேன், கத்தி யாரும் முன்னுக்குப் போவதில்லை. கோயிலிலும் அப்படித்தான். பழைய ஆட்கள் கடைசி மூன்று வாங்கில் இருந்துவிட்டால், பிந்தி வருகிற புது ஆள் எல்லாருக்கும் முன்னால் நடந்து போய் முதல் வாங்கில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் நடக்க வெட்கப்பட்டே திரும்பிப் போனவர்கள் உண்டு. ஆகவே கடைசி மூன்று வாங்குக்கும் குறுக்கே ஒரு கயிறு கட்டினோம். முதல் பாட்டு தொடங்கும்போது கயிறு அவிழும். கட்டிய முதல் மாதம் எனக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சமில்லை. 40 வருடம் அதே இடத்தில் இருந்த ஓர் ஐயா கயிற்றைத் தூக்கிக்கொண்டு கீழால் குனிந்து போய் இருந்தார். நான் பார்க்காத மாதிரி விட்டுவிட்டேன். இரண்டு கிழமையில் முதுகு பிடித்துக்கொண்டது, தானாக முன்னுக்கு வந்தார்.

புதியவருக்குத் துணையாக ஆள் வைக்கிறவர்கள் பக்கத்தில் இருத்துவார்கள். அது அவ்வளவு சரிவராது. பக்கத்தில் ஒருவர் இருந்து "இப்ப எழும்புங்கோ, இப்ப இருங்கோ" என்று குசுகுசுத்தால், பரீட்சை மண்டபத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். துணையாளை ஒரு வாங்கு முன்னால் இருத்துங்கள். புதியவர் எப்போதும் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துத்தான் எழும்புவார், இருப்பார், முழந்தாளிடுவார். ஒழுங்காக எழும்பி இருக்கிற ஒரு முதுகு போதும், வாயே தேவையில்லை.

தாள்

முன்பு எங்கள் கோயிலில் வழிபட மூன்று புத்தகம் வேண்டும்: செபப்புத்தகம், பாட்டுப் புத்தகம், வேதாகமம். ஒன்றில் விரல், ஒன்று மடியில், ஒன்று வாங்கில் இருந்து விழும். 'பக்கம் 47' என்று சொல்லும்போது புதியவர் இன்னும் 30இல் தடவிக்கொண்டிருப்பார். இப்போது எல்லாம் ஒரே தாளில், நடுவில் மடித்து. எழுத்து பெரிதாக. சபையார் சொல்ல வேண்டியது தடித்த எழுத்தில். 'நிற்கவும்', 'இருக்கவும்' என்று இடத்துக்கிடம் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் 'முடியாதவர்கள் இருந்தபடியே' என்றும் போடுங்கள். முழங்கால் வருத்தக்காரர் அந்த ஒரு வரிக்காக எனக்கு நன்றி சொன்னார்கள்.

2022இல் காகித விலை ஏறியபோது வாராவாரம் அடிக்க முடியாமல் போனது. மாறாத பகுதியை மட்டும் தடித்த அட்டையில் அடித்து பிளாஸ்டிக் உறை போட்டோம். பாட்டையும் வாசகத்தையும் கரும்பலகையில் எழுதினோம். இப்போதும் அப்படித்தான், தாளைவிட நல்லது என்றே நினைக்கிறேன். கரும்பலகையில் எழுதுகிற வேலைக்கு ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற இரண்டு பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள்.

தமிழ்த் தாளுக்குப் பக்கத்தில் சிங்களமும் ஆங்கிலமும் வையுங்கள். எங்களிடம் கடற்படைக் குடும்பங்கள் சில வரும். இங்கத்தைக் கடற்படைத் தளத்துக்கு இடமாற்றம் வந்து இரண்டு வருடம் இருப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். 'இரண்டு வருடத்துக்கு எதற்கு' என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய மனக்கசப்பின் காரணமும் எனக்குத் தெரியும், அதை நான் சின்னதாக்க மாட்டேன். முழு ஆராதனையையும் மூன்று மொழியிலும் நடத்தினால் எல்லாருக்கும் களைத்துவிடும். நாங்கள் செய்வது: ஒரு வாசகம் சிங்களத்தில், ஒரு பாட்டு சிங்களத்தில், கர்த்தருடைய செபத்தை எல்லாரும் அவரவர் மொழியில் ஒரே நேரத்தில். முதல் முறை சந்தை மாதிரி இருந்தது. இப்போது முதலில் முடிக்கிறவர்கள் பேசாமல் நின்று மற்றவர்கள் முடிக்கும் வரை காத்திருக்கிறார்கள். கடைசியில் 'ஆமென்' மட்டும் எல்லாருக்கும் ஒன்று, அது கூரையில் இடிக்கும்.

வாசிக்கிறவர்

ஆங்கிலம் தெரிந்தவர், குரல் உள்ளவர், கோட்டுப் போடுகிறவர் என்று அதே நாலு பேர்தான் வாசிப்பது எங்கள் பழக்கம். வாசகப் பட்டியல் மூன்று வருடச் சுற்று; வருடத்துக்கு 52 ஞாயிறு, ஞாயிறுக்குப் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், நற்செய்தி. நற்செய்தியைக் குருவானவருக்கு விட்டாலும் வருடத்துக்கு 150க்கு மேல் வாசிக்கும் இடம் இருக்கிறது. அதை நாலு பேர் வைத்திருப்பது, ரிக்கெற் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போவது மாதிரி.

புதிய வாசகரைப் பழக்குகிற வழி சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆறு மணிக்கு முதல், வெறும் கோயிலில். மைக்கைப் போட்டுவிடுங்கள், தன் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதை ஆள் தனியாக ஒரு தரம் கேட்க வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். வாசகத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்து, மூச்சு விடுகிற இடத்தில் பென்சிலால் சாய்கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் வேதாகமத் தமிழ் நீளம். வினைச்சொல் வருவதற்கு மூன்று வரி ஓட வேண்டும். நடுவில் பிழையான இடத்தில் மூச்சு விட்டால் யார் யாரை அடித்தார் என்றே தெரியாது. பெயர்களை வேறாகப் பழகட்டும். நேபுகாத்நேச்சாரை ஐந்து தரம் சத்தமாகச் சொன்னால் பிறகு அவர் பயமுறுத்த மாட்டார். தடக்கினால் மன்னிப்புக் கேட்காமல் மேலே போகச் சொல்லுங்கள்.

மீன் வாடியில் வேலை செய்கிற ஒரு பெண், அவளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. "எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் அங்கிள்" என்றாள். நாலு வெள்ளி வந்தாள். யோனாவின் பகுதி. கப்பலில் இருந்தவர்கள் சரக்கைக் கடலில் எறிகிற இடம் வந்ததும் நிறுத்தி, "இது எங்கட ஆக்களும் செய்யிறதுதான், வாடைக்காத்துக்கு" என்றாள். ஞாயிறு அந்த வரியை அவள் வாசித்த மாதிரி கோட்டுப் போட்டவர்கள் யாரும் வாசித்ததில்லை. அவளுக்கு அது படித்த கதை இல்லை, பார்த்தது.

வாசிக்கத் தெரியாதவருக்கும் இடம் இருக்கிறது. அப்பத்தையும் ரசத்தையும் பீடத்துக்குக் கொண்டு போவது, மணி அடிப்பது, மன்றாட்டு சொல்வது. அந்த அப்பத்தையும் ரசத்தையும் திருவிருந்துக்கென்று அர்ச்சிப்பது குருவானவருக்கு மட்டும் உரியது, அதில் கை வைக்க முடியாது. கிண்ணம் கொடுக்க ஆயருடைய அனுமதி வேண்டும், அதற்கு விண்ணப்பியுங்கள். மற்றதெல்லாம் சபையாருடையது.

பெயர்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கிறேன்.

மன்றாட்டை நாங்கள் முன்பு புத்தகத்தில் உள்ளபடி வாசித்து முடிப்போம். ஆள்பவர்களுக்காக, நோயாளிகளுக்காக, மரித்தவர்களுக்காக. எல்லாம் சரியான சொல், ஒருவருக்கும் கண் கலங்காது. இப்போது வாசலில் ஒரு சட்டியும் துண்டுக் கடதாசியும் பென்சிலும் வைக்கிறோம். யாருக்காகச் செபிக்க வேண்டுமோ பெயரை மட்டும் எழுதிப் போடலாம். என்ன வருத்தம், என்ன வழக்கு என்று எழுதத் தேவையில்லை. சின்ன ஊர், விவரம் எழுதினால் பத்து மணிக்குள் சந்தைக்கு வந்துவிடும். மன்றாட்டு சொல்கிறவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். அவசரப்படாமல், ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு. கோயிலுக்கு வராத முஸ்லிம் அயலவரின் பெயர் வரும், பக்கத்து வீட்டுச் சைவக்கார அம்மாவின் பெயர் வரும். அவையும் அதே வரிசையில்.

சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26க்கு இது வேறு மாதிரி. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். நான் விடியற்காலை பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கடல் வந்ததை தம்புள்ளையில் ஒரு கடை ரேடியோவில் கேட்டேன். வருடா வருடம் அன்றைக்கு நாடு முழுக்க 9.25க்கு இரண்டு நிமிட மௌனம். நாங்கள் அதற்கு முன் பெயர்களை வாசித்து, 9.25க்கு மணியை ஒரு தரம் அடித்து நிறுத்துவோம். மௌனத்துக்கும் ஆயத்தம் வேண்டும். இரண்டு நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அரை நிமிடத்தில் யாராவது பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். ஆர்மோனியக்காரர் கையை மடியில் வைத்திருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் கோயிலில் அப்போது கடல் கேட்கும். முதல் வருடம் அதைக் கேட்டு இரண்டு பேர் வெளியே எழும்பிப் போனார்கள். அதனால் பக்கக் கதவை இப்போது திறந்தே வைக்கிறோம், அங்கே தண்ணீரோடு ஒருவர் நிற்பார், பேச மாட்டார்.

ஒரு வருடம் நான் பெரிய பிழை விட்டேன். சட்டியில் இருந்த எல்லாப் பெயரையும் சேர்த்து 'மரித்தவர்கள்' என்று வாசிக்கக் கொடுத்துவிட்டேன். முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய மகன் சுனாமியில் போனவன் இல்லை. சண்டைக் காலத்தில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனவன், இன்றுவரைக்கும் தகவல் இல்லை. "வாடன், நான் அவன்ட பேரைச் செபிக்கத்தான் போட்டன். செத்தவன் எண்டு நான் சொல்லேல்ல." அவர் சத்தம் போடவில்லை. எனக்கு நாக்கு எழும்பவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அது போதாது என்றும் தெரியும்.

அடுத்த வருடத்திலிருந்து இரண்டு சட்டி. ஒன்று மண்சட்டி, மரித்தவர்களுக்கு. மற்றது பித்தளைக் கிண்ணம், இன்னும் வழி பார்த்திருப்பவர்களுக்கு. எதில் போடுவது என்று வீட்டார்தான் முடிவு செய்வார்கள், யாரும் அறிவுரை சொல்லக்கூடாது. பித்தளைக் கிண்ணத்தின் பெயர்களை வாசிக்கும்போது, 'நித்திய இளைப்பாறுதல்' என்ற வரி வராது. 'எங்கே இருந்தாலும் காத்தருளும்' என்று முடிப்போம். அந்தத் தாய் இரண்டு வருடம் கழித்து அந்த வாசிப்பைத் தானே செய்யக் கேட்டார். இப்போது அவர்தான் வாசிக்கிறார்.

கை கொடுத்தல்

சமாதான வாழ்த்து புதியவருக்கு ஆகக் கஷ்டமான இடம். முன்பின் தெரியாத ஆள் திடீரென்று கை நீட்டுவார். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, 1950இல் திருவிருந்து முறையை எழுதியபோது இந்த வாழ்த்தைக் கைக்குக் கை கடத்துகிற பழக்கமாக வைத்தார்கள்: வலக்கையை மற்றவரின் வலக்கையோடு சேர்த்து, இடக்கையால் மூடுவது. அழகான முறை. ஆனால் எங்கள் ஊரில் தெரியாத ஆணின் கையைத் தொடுவது எல்லாப் பெண்களுக்கும் வசதியில்லை. கொரோனாவுக்குப் பிறகு ஆண்களுக்கும் இல்லை. கைகூப்பி 'சமாதானம்' என்றால் போதும் என்று குருவானவர் ஒவ்வொரு கிழமையும் ஒரு வரி சொல்வார், பீடத்திலிருந்து தானே கைகூப்பிக் காட்டுவார். நாங்கள் இன்னொரு சட்டமும் போட்டோம்: உறவுக்காரரிடம் கடைசியாகப் போங்கள். அதற்கு முன் எங்கள் கோயிலில் சமாதானம் மச்சானுக்கும் மாமிக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பந்தி

திருவிருந்துக்கு முன் 30 வினாடி ஒதுக்கி, யார் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். இதை ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேண்டும், 'எல்லாருக்கும் தெரியும்தானே' என்று விடக்கூடாது. எங்கள் கோயிலில் சொல்வது: வேறு சபையில் திருவிருந்து பெறுகிறவர்கள் இங்கும் பெறலாம். பெறாதவர்கள், ஞானஸ்நானம் இல்லாதவர்கள், இன்றைக்கு வேண்டாம் என்கிறவர்கள் கையை மார்பில் குறுக்கே வைத்து வந்தால் ஆசீர்வாதம் கிடைக்கும். இருந்த இடத்தில் இருந்தாலும் நல்லது. கத்தோலிக்கர் தங்கள் சபை முறைப்படி வராமல் இருக்கலாம், அவர்களை வா வா என்று இழுக்க வேண்டாம்.

வாங்கு வாங்காக எழுப்பி அனுப்புகிறவருக்கு ஒரு வார்த்தை. ஒரு வாங்கில் ஒருவர் மட்டும் இருந்துவிட்டால், அவரைப் பார்த்து நிற்காமல் அடுத்த வாங்குக்குப் போங்கள். மற்றவர்கள் தாண்டிப் போக அவர் காலை மடக்கினால் போதும், எழும்பத் தேவையில்லை. என் மனைவி 12 வருடமாக அப்படித்தான் இருக்கிறாள். கை குறுக்கே வைத்துப் போனது இதுவரைக்கும் இரண்டு தரம், எங்கள் மகளின் திடப்படுத்தலுக்கு ஒன்று, தன் அம்மா மரித்த கிழமை ஒன்று. அடுத்து எப்போது என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் வருகிறாள் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முன்னால் பாய் விரியுங்கள், பின்னால் அடைக்காதீர்கள். பின்னால் இருக்கிற பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் இடுப்பு. சத்தம் போடாமல் வேறு என்ன செய்யும்.

தேத்தண்ணி

வெளியே பிளேன்ரீயும் வடையும். இதற்குக் கதிரை வட்டமாகப் போடாதீர்கள். தனியாக வந்தவர் வட்டத்தை உடைத்து இருக்க மாட்டார். ஓர் உயர மேசையும் மர நிழலும் போதும், நின்று குடிக்கட்டும். வாடன் முதல் பத்து நிமிடம் கணக்கு வழக்கு பேசக்கூடாது. கூரைத் தகரம், காணிக்கை எண்ணிக்கை, மின் கட்டணம் எல்லாம் பத்து நிமிடத்துக்குப் பிறகு. புது ஆள் யாராவது வந்திருந்தால் கோப்பை கழுவ ஒரு கை கேளுங்கள். 'நீங்கள் இருங்கோ, நாங்கள் பார்க்கிறோம்' என்றால் அவர் விருந்தாளி. துவாயைக் கையில் கொடுத்தால் அடுத்த கிழமையும் வருவார். எல்லாரும் இல்லை, பாதிப் பேர்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இன்னும் சுலபம். பூசணிக்காயைத் தூக்கிக் காட்டுகிற வேலையைப் புதியவருக்குக் கொடுங்கள். சென்ற முறை படியில் நின்ற அந்தப் பெடியன்தான் தூக்கிக் காட்டினான். பக்கத்துக் கடை நானா விலையை ஏற்றி ஏற்றிக் கடைசியில் தானே எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியாகக் கேற்றைப் பூட்டுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பீடத்துக்கு வைத்த பூவை வாளியோடு விறாந்தையில் விட்டுப் போகாதீர்கள். நாங்கள் விட்டுப் போன அன்று ஊருக்குள் திரிகிற மான்கள் நாலு உள்ளே வந்து, தண்டு வரைக்கும் தின்றுவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையையும் சப்பிப் பார்த்திருந்தன. சங்கீதப் பக்கம். அந்த அட்டை இன்னும் பாவனையில் இருக்கிறது, மூலையில் பல் அடையாளத்தோடு.